காற்று தள்ளிய ரயில்: இங்கிலாந்தில் ஐந்து நாள்

முதல் நாள்: ஹீத்ரோ

விமானம் ஐந்தாம் முனையத்தில் இறங்கியபோது வெளியே தூறல். மாப்பிள்ளை பெட்டியை வாங்கிக்கொண்டே, "ஏனுங்க மாமா, வண்டியைக் கொஞ்சம் தள்ளித்தான் விட்டிருக்கேன். ஆனா நீங்க சந்தோஷப்படுவீங்க" என்றார். எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

கார் நிறுத்தும் கட்டடத்துக்குள் கூட்டிப்போனார். வரிசையாகக் கண்ணாடிக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு சின்ன வெள்ளை வண்டி வந்து நிற்கிறது. திரையைத் தொட்டு எந்த நிறுத்தம் என்று சொன்னால் போதும், கதவு திறக்கிறது. உள்ளே நான்கு பேர் எதிரெதிரே உட்காரலாம், பெட்டிகளை நடுவில் வைக்கலாம். ஓட்டுநர் இல்லை, ஸ்டியரிங் இல்லை. பாட் என்கிறார்கள். பேட்டரியில் ஓடுகிறது, ரப்பர் டயர், தனக்கென்று போட்ட காங்கிரீட் பாதை. மணிக்கு 40 கிலோமீட்டர் வரை போகும். மொத்தம் 21 வண்டிகள், 2011-இலிருந்து ஓடுகின்றன. சில நிமிடத்தில் எங்களைக் காருக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த ஆளுக்குத் தயாராக நின்றது.

இதை உருவாக்கியவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் லோசன். நிலவுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட் திட்டத்தில் வேலை பார்த்தவர். ராக்கெட்டைப் பார்த்த மனுஷன், நாலு பேர் பெட்டியோடு மழையில் நனையாமல் போவதற்கு ஒரு வண்டி வேண்டும் என்று இத்தனை வருஷம் உழைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. பஸ் கூட்டம் சேர்வதற்காகக் காத்திருக்கும். இந்த வண்டி நமக்காகக் காத்திருக்கிறது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் கம்ப்ரசர் ரூம் ஃபிட்டர். காற்றை அழுத்தி, குழாயில் ஏற்றி, மெஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. நூலைக் கூம்பில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷினில் அறுந்த நூலை முடிச்சு இல்லாமல் ஒட்டுவது காற்று. நூல் நூற்கும் ரிங் பிரேமில் நூல் அறுந்ததும் வெளியே வரும் பஞ்சை உறிஞ்சி எடுப்பதும் காற்றுதான், அதற்கு நியூமாஃபில் என்று பெயர். குழாய்க்குள் காற்றை வைத்து ஆட்களையே கொண்டுபோன கதையைப் பல வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மகள் வீடு ரெடிங் ஊரில் இருப்பதும் இதற்குத் தோதாகப் போயிற்று.

இரண்டாம் நாள்: வீடு

தூக்கம் ஒத்துவரவில்லை, எங்கும் போகவில்லை. பேத்தி தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "அப்புச்சி, காத்து நிக்கவே மாட்டேங்குது" என்றாள். டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கோளாறு பம்பில்தான்.

மாப்பிள்ளை எங்கோ பழைய சாமான் விற்ற இடத்தில் வாங்கிய, நின்றுகொண்டு அடிக்கும் உயரமான பம்பு. கைப்பிடியை அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் கீழே போகிறது. மூடியைக் கழற்றிக் கம்பியை உருவினேன். நான் நினைத்தது சரி. நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாசர். காய்ந்து, சுருங்கி, ஓரம் விறைத்துக் கருப்பாக இருந்தது. நகத்தால் தட்டினால் கட்டை மாதிரி சத்தம்.

தோல் வாசருக்கு எண்ணெய்தான் உயிர். சின்ன வயதில் எங்கள் ஊர் வாடகை சைக்கிள் கடையில் வாரத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி எண்ணெய் விடுவார்கள், பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வாசரை ஊற வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துக் கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி அகட்டினேன். மெல்ல மெல்ல இளகி, கிண்ணம் மறுபடி மலர்ந்தது. மாட்டி அழுத்தினால் கைப்பிடி பாதியிலேயே நின்று என் கையை மேலே தள்ளியது. பேத்தியும் அழுத்திப் பார்த்தாள். அவள் எடைக்குக் கைப்பிடி அசையவே இல்லை. "உள்ள யாரு இருக்கா அப்புச்சி?" என்றாள். காத்து இருக்கு அம்மிணி, வெளியே போக வழியில்லாத காத்து என்றேன்.

ஒரு பம்புக்கு இத்தனை எழுதுவானேன் என்றால், நாளைக்கு மறுநாள் பார்க்கப்போகும் சாமானுக்கும் இதே தோல்தான்.

மூன்றாம் நாள்: லண்டன்

மகள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்காக முதலில் லண்டன் ஐ ராட்டினம். 135 மீட்டர் உயரம், 32 கண்ணாடிக் கூண்டுகள், ஒவ்வொன்றும் 10 டன். கூண்டுகளின் எண் 33 வரை போகிறது, ஏனென்றால் 13-ஐ விட்டுவிட்டார்கள். நொடிக்கு 26 சென்டிமீட்டர்தான் நகர்வதால் ராட்டினத்தை நிறுத்தாமலே ஏறி இறங்க முடிகிறது. அரை மணியில் ஒரு சுற்று. அழகு, மறுக்கவில்லை. ஆனால் தூக்குவது மின்சாரம், காற்றுக்கு இங்கே வேலை இல்லை. அங்கிருந்து மவுண்ட் பிளசன்ட்டில் இருக்கும் தபால் அருங்காட்சியகத்துக்குப் போனோம்.

லண்டனுக்கு அடியில் தபாலுக்கென்றே ஒரு ரயில் ஓடியிருக்கிறது. பாடிங்டனிலிருந்து வைட்சாப்பல் வரை பத்தரை கிலோமீட்டர், 1927 முதல் 2003 வரை. இப்போது அதில் கொஞ்ச தூரம் பார்வையாளர்களை ஏற்றிக் காட்டுகிறார்கள். தலையைக் குனிந்துதான் உட்கார வேண்டும். அதுவும் மின்சார ரயில்தான். நான் தேடி வந்தது அதற்கு முந்திய காலத்து வண்டி. அதுவும் அங்கே இருக்கிறது.

இரும்புத் தொட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி ஒரு வண்டி. முதல் பார்வையில் மில்லில் பஞ்சு தள்ளும் டிராலி என்று தோன்றியது. உற்றுப் பார்த்தால் விஷயம் புரிகிறது: வண்டியின் முகப்பு, அது ஓடிய குழாயின் வாய்க்கு ஏற்ற வடிவம். வண்டியே பிஸ்டன். குழாயின் ஒரு முனையில் நீராவி எஞ்சினால் சுழலும் பெரிய விசிறி. அது ஊதினால் வண்டி போகும், உறிஞ்சினால் திரும்பி வரும்.

குழாயில் காற்றால் சாமான் அனுப்பும் வேலையை லண்டனில் 1853-இல் லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர் ஆரம்பித்தார். பங்குச் சந்தைக்கும் தந்தி அலுவலகத்துக்கும் நடுவே ஏறக்குறைய 200 மீட்டர், குழாயின் குறுக்களவு வெறும் ஒன்றரை அங்குலம். தந்திச் சீட்டைச் சின்னக் கூட்டில் போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ரத்த மாதிரியை லேபுக்கு அனுப்புவதும் இதே முறைதான். கோவையிலேயே பார்த்திருக்கிறேன், சுவருக்குள் ஓர் உறுமல், அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். அதைப் பெரிதாக்கி மூட்டை மூட்டையாகத் தபால் அனுப்பத்தான் நியூமேட்டிக் டெஸ்பாட்ச் கம்பெனி வந்தது. 1863-இல் யூஸ்டன் ரயில் நிலையத்திலிருந்து பக்கத்துத் தபால் அலுவலகத்துக்கு ஓடியது. 1865-இல் யூஸ்டனுக்கும் ஹோபர்னுக்கும் இடையே பெரிய குழாய் திறந்தபோது, கம்பெனியின் தலைவரும் சில இயக்குநர்களும் தாங்களே வண்டியில் ஏறிக் குழாய்க்குள் போனார்கள். போய்ச் சேர ஐந்து நிமிடம்.

அந்தத் தலைவரின் பெயரைப் படித்ததும் மகளைக் கூப்பிட்டேன். பக்கிங்காம் கோமகன், ரிச்சர்ட் டெம்பிள் கிரென்வில். பத்து வருஷம் கழித்து, 1875-இல், சென்னை மாகாணத்துக்கு கவர்னராக வந்தவர் அவர்தான். தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தது அவர் ஆட்சியில். சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்ட வைத்ததும் அவர் ஆட்சியில். அதனால்தான் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. பசியோடு மண் சுமந்தவர்கள் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை.

மகள் சொன்னாள்: "அப்பா, அந்தக் கால்வாய் ஓ.எம்.ஆர். ஓரமாத்தானே போகுது? தையூர் பக்கத்துலதானே ஐ.ஐ.டி. ஹைப்பர்லூப் குழாய் போட்டிருக்காங்க?"

ஆமாம். எனக்கு அது தோன்றவே இல்லை, அவள் சொல்லித்தான் மனதில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. சென்னை ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில் 422 மீட்டர் நீளத்துக்கு வெற்றிடக் குழாய் போட்டிருக்கிறார்கள். உள்ளே காற்றை எடுத்துவிட்டு வண்டியைக் காந்தத்தில் மிதக்கவிட்டு ஓட்டிப் பார்ப்பதற்கு. குழாய்க்குள் உட்கார்ந்து போன மனிதரின் பெயர் தாங்கிய கால்வாய் அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஓடுகிறது. அந்த இரும்புத் தொட்டி முன்னால் நாங்கள் இருவரும் ரொம்ப நேரம் நின்றிருந்தோம்.

டெஸ்பாட்ச் கம்பெனி 1874-இல் முடிந்துபோனது. குதிரை வண்டியைவிடச் சில நிமிடம்தான் மிச்சமாகிறது, இதற்கு இத்தனை செலவா என்று தபால் இலாகா விலகிக்கொண்டது.

நான்காம் நாள்: டிட்காட்

ரெடிங்கிலிருந்து டிட்காட் ரயிலில் கால் மணி நேரம்தான். ரயில் நிலையத்தை ஒட்டியே பழைய ரயில்களுக்கான மையம் இருக்கிறது. எல்லோரும் நீராவி எஞ்சின்களைப் பார்க்கப் போனார்கள். நான் நேராகக் குழாயிடம் போனேன்.

இசம்பார்ட் கிங்டம் புரூனல் என்ற மாபெரும் பொறியாளர் தென் டெவன் ரயில் பாதைக்காக வார்த்த குழாய். அகலப் பாதைத் தண்டவாளத்துக்கு நடுவே, 22 அங்குலக் குறுக்களவில், வார்ப்பிரும்பில் கிடக்கிறது. மேடான பகுதிக்கென்று வாங்கிப் பயன்படாமலே போனது. பிற்காலத்தில் ஒரு கடற்கரையில் வடிகாலாகப் புதைந்து கிடந்திருக்கிறது.

குழாயின் முதுகில் நீளவாக்கில் ஒரு பிளவு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூன்று விரலை உள்ளே விட்டேன். ஓரம் மழமழவென்று இல்லை, மணல் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. அதைத் தொட்டதும் அந்த ரயிலின் கஷ்டம் முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது.

அது ஓடிய விதத்தைச் சொல்கிறேன். ரயிலின் முன் பெட்டிக்குக் கீழே ஒரு பிஸ்டன் தொங்கும். அது குழாய்க்குள் இருக்கும். பிஸ்டனையும் பெட்டியையும் இணைக்கும் இரும்புக் கை அந்தப் பிளவு வழியாக வெளியே வர வேண்டும். ரயிலுக்கு முன்னால் இருக்கும் குழாயிலிருந்து, பாதையோரத்து எஞ்சின் வீடு காற்றை உறிஞ்சும். பின்னாலிருந்து வெளிக்காற்று பிஸ்டனைத் தள்ளும். ஆகவே இழுப்பது எஞ்சின் இல்லை, தள்ளுவது நம் தலைக்கு மேலே இருக்கும் வானத்தின் எடை. ஆனால் பிளவு திறந்து கிடந்தால் வெற்றிடம் ஏது? அதனால் பிளவு நெடுக ஒரு தோல் பட்டை. ஒரு ஓரம் கீல் மாதிரி பிடித்திருக்கும், மறு ஓரம் திறந்து மூடும், வலுவுக்கு மேலும் கீழும் இரும்புத் தகடு. பிஸ்டனுக்குப் பின்னால் வரும் உருளைகள் பட்டையைத் தூக்கிக் கைக்கு வழிவிடும். கை கடந்ததும் இன்னொரு சக்கரம் பட்டையை அமுக்கி மூடும். இடுக்கில் தேன்மெழுகும் மாட்டுக் கொழுப்பும்.

ஓரமாக உட்கார்ந்து மாப்பிள்ளை பேனாவில் கணக்குப் போட்டேன். சமதளத்தில் போட்டது 15 அங்குலக் குழாய், அதாவது 38 சென்டிமீட்டர். வாய்ப் பரப்பு சுமார் 1,130 சதுர சென்டிமீட்டர். பாதி வெற்றிடம் கிடைத்தாலே சதுர சென்டிமீட்டருக்கு அரைக்கிலோ. ஆக, ஏறக்குறைய 570 கிலோ தள்ளுவிசை, சத்தமில்லாமல், புகையில்லாமல். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியிருக்கிறது. 1840-களில்!

டிட்காட்டில் இரும்பு இருக்கிறது, தோல் இல்லை. மில்லில் நாங்கள் சொல்வோம்: கம்ப்ரசர் எவ்வளவு பெரிசானாலும் லைனை ஆள்வது, இணைப்பில் காற்று ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட்தான்.

ஐந்தாம் நாள்: ஸ்டார்கிராஸ்

விடியற்காலையில் கிளம்பினோம், மாப்பிள்ளையும் பேத்தியும் நானும். எக்ஸிட்டரில் சின்ன ரயிலுக்கு மாறினோம். ரயில் எக்ஸ் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிப் போகிறது. தண்ணீர் வடிந்திருந்ததால் இடது பக்கம் முழுக்கச் சேறு, அதில் நூற்றுக்கணக்கில் பறவைகள். ஸ்டார்கிராஸில் இறங்கிய மூன்றாம் நிமிடம் அது கண்ணில் பட்டது.

சிவப்பு மணற்கல்லில் கட்டிய எஞ்சின் வீடு. தண்டவாளத்தை ஒட்டியே நிற்கிறது. இத்தாலிக் கோயில் மணிக்கூண்டு மாதிரி பக்கத்தில் ஒரு கோபுரம், அதுதான் புகைபோக்கி. ஒரு பம்பு வீட்டை இத்தனை அழகாகக் கட்ட வேண்டும் என்று யாராவது நினைப்பார்களா? புரூனல் நினைத்திருக்கிறார். எக்ஸிட்டரிலிருந்து நியூட்டன் என்ற ஊர் வரை 32 கிலோமீட்டரில் இப்படி எட்டு. கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தேன், வெயில் ஏறி வெதுவெதுப்பாக இருந்தது. நம்ம ஊர் மில்களின் பழைய செங்கல் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக இடிபட்டதைப் பார்த்தவன் நான். இது நிற்பதைப் பார்க்க மனசு நிறைந்தது.

அந்தக் காற்று ரயில் பயணிகளை ஏற்றி ஓடியது 1847 செப்டம்பரிலிருந்து. நின்றது 1848 செப்டம்பரில். ஒரே வருஷம்.

எலி தோலைத் தின்றுவிட்டது என்று ஒரு கதை உலகம் பூராவும் சுற்றுகிறது. கொழுப்பு தடவிய தோலை எலி கடிக்கும்தான், ஆனால் ரயிலை நிறுத்தியது எலி இல்லை. வெயிலில் கொழுப்பு காய்ந்தது. குளிரில் தோல் விறைத்தது. மழைத் தண்ணீர் இறங்கியது. தோல் பதனிட்ட துவர்ப்புச் சாறு இரும்புத் துருவோடு சேர்ந்து தோலையே கெடுத்தது. அப்புறம் நெடுக ஆட்களை விட்டுச் சோப்பும் மீனெண்ணெயும் கலந்து தடவிப் பார்த்தார்கள். 32 கிலோமீட்டர் நீளத் தோல்! பேத்தியின் பம்பில் ஒரு அங்குல வாசர் காய்ந்ததற்கே நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒழுக ஒழுக எஞ்சின் அதிகமாக உறிஞ்ச வேண்டும், கரி அதிகமாக எரியும். எஞ்சின் வீடுகளுக்கு நடுவே முதலில் தந்தி வசதியும் இல்லை. ரயில் தாமதமா என்று தெரியாமல், கால அட்டவணையைப் பார்த்து ரயில் வராத குழாயில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் மைலுக்கு ஆன செலவு சாதாரண நீராவி ரயிலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நிறுத்தலாம் என்று புரூனலே பரிந்துரை செய்தார். எனக்கு இதுதான் தொண்டையை அடைக்கிறது. தன் கையால் கட்டிய இந்த எட்டு வீட்டையும் மூடச் சொல்ல அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

புரூனல் தோற்றார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. கணக்கு தோற்கவில்லை, தோல்தான் தோற்றது என்பது என் கட்சி. சாட்சியும் இருக்கிறது. பிரேசிலில் ஆஸ்கர் கோஸ்டர் என்பவர் இதே வழியைப் புதுப்பித்தார். தண்டவாளத்துக்குக் கீழே காற்றுக் குழல், வண்டியின் அடியில் பாய்மரம் போல ஒரு தகடு, பக்கத்தில் மின்சார விசிறி. வண்டியில் எஞ்சின் கிடையாது. ஏரோமூவல் என்று பெயர். ஜகார்த்தாவில் ஒரு பூங்காவில் 1989-இல் வந்தது, போர்ட்டோ அலெக்ரே விமான நிலையத்தில் 2013-இல் வந்தது. அவர் குழலின் பிளவை மூடியது ரப்பரால்.

பேத்தி பிளாட்பாரத்தில் நின்று, "இப்ப அந்தக் காத்து ரயில் வந்தா சத்தமே கேக்காதா அப்புச்சி?" என்றாள். கேட்காது, காற்று விலகும் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காது கொடுத்தாள்.

ராத்திரி வீட்டுக்கு வந்து, என்னோடு கம்ப்ரசர் ரூமில் இருந்த அண்ணனுக்குப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சோப்புத் தண்ணியும் பிரஷும் எடுத்துக்கொண்டு ஷிப்ட் ஷிப்டாக லீக் தேடிய மனுஷன், எழுபது தாண்டியவர். ஊரில் அப்போது பின்னிரவு. தூங்கியிருப்பார் என்று நினைத்தேன், உடனே கூப்பிட்டார்.

"பிளவு எத்தனை அகலம்?"

"மூணு விரல் போச்சுங்கண்ணா."

"அந்தக் காலத்துல ரப்பர் இல்லையா?"

கந்தகம் சேர்த்து ரப்பரை உறுதிப்படுத்தும் முறைக்கு குட்இயர் காப்புரிமை வாங்கியதே 1844-இல்தான், மூன்று வருஷத்தில் யார் அதை நம்பி 32 கிலோமீட்டருக்குப் போடுவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சரி வை என்று சொல்லிவிட்டார்.

அரை மணி கழித்து ஒரு படம் வந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் வரைந்திருக்கிறார். ரப்பரில் இரண்டு உதடு, ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி, நடுவே கேன்வாஸ் துணி. கைக்கு வழிவிட்டதும் உள்ளே இருக்கும் வெற்றிடமே உதட்டை இழுத்து மூடிக்கொள்ளும், அமுக்க சக்கரம் வேண்டாம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். உதடு நன்றாக இருக்கிறது. கீல் பக்கம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை, அங்கே ரப்பர் மடிந்து மடிந்து வெடித்துவிடும். காலையில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.